பிரெட்டுக்குள் செங்காய்: பழமும் கறியும் சேர்த்து சாண்ட்விச் செய்யத் தொடங்குபவர்களுக்கு

கறியோடு பழம் வைத்த சாண்ட்விச் என்றதும் என் அம்மாயி முகத்தைச் சுளிப்பார். "கறிக்குள்ள போயி யாராச்சும் பழத்த வெப்பாங்களா?" என்பார். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் அதே அம்மாயி வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பில் நாலு துண்டு மாங்காய் கட்டாயம் கிடக்கும். அன்னாசித் துண்டின்மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித்தான் தின்பார். பிரியாணியில் உலர் திராட்சை வந்தால் ஒதுக்கி வைக்கமாட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் ஒரே வாயில் வைத்துப் பழகிய நாக்கு நம்முடையது. அதை பிரெட்டுக்குள் கொண்டுவருவதுதான் பலருக்குப் புதிது.

இதுவரை செய்ததில்லை, ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுப்பு, தோசைக்கல், கூரான கத்தி, சுத்தமான பருத்தித் துணி இருந்தால் போதும். பழங்களும் சேலத்து உழவர் சந்தைகளிலும் ஏற்காட்டுச் சாலையோரத்திலும் கிடைப்பவைதான்.

நான் முதன்முதலில் செய்தது மல்கோவா சாண்ட்விச். சேலத்துக்காரிக்கு வேறு எந்தப் பழம் நினைவுக்கு வரும்? நன்றாகக் கனிந்த மல்கோவாவை அறுத்து, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய கோழிக்கறியோடு பிரெட்டில் வைத்து, டப்பாவில் அடைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அஸ்தம்பட்டி வழியாக ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி டப்பாவைத் திறந்தால் பிரெட் கூழாகியிருந்தது. அடியில் சாறு தேங்கி நின்றது. வாயில் வைத்தால் ஒரே தித்திப்பு; கறியின் ருசி எங்கே போனதென்று தெரியவில்லை. அருமையான ஒரு பழத்தையும் கால் கிலோ கறியையும் வீணாக்கிவிட்டோமே என்ற வருத்தம் அன்று முழுக்க இருந்தது.

அன்று செய்த தவறுகள் மூன்று. பழம் முழுக்கக் கனிந்திருந்தது. கறி சூடாக இருந்தது. பழச்சாறு பிரெட்டில் இறங்காமல் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. முதல் தவறைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

செங்காய் பார்த்து வாங்குவது

காய்க்கும் பழத்துக்கும் இடைப்பட்ட பதத்தைச் செங்காய் என்போம். உள்ளே சதை மஞ்சளாகத் திரும்பியிருக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். இனிப்பு ஏறத் தொடங்கியிருக்கும், புளிப்பு இன்னும் இறங்கியிருக்காது. சாண்ட்விச்சுக்கு வேண்டியது இதுதான். கறியில் உப்பும் கொழுப்பும் உண்டு. அந்தக் கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டும். உப்பு பட்டால் கொஞ்ச இனிப்பும் தூக்கலாகத் தெரியும். ஆகவே பழத்தில் இனிப்பு நிறைய இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சதை இறுக்கமாக இருப்பதால் மெல்லிய வில்லையாக அறுக்கலாம், சாறும் ஓடாது.

சந்தையில் பழக்காரம்மாவிடம் "சாப்பிட நல்ல பழமாக் குடுங்க" என்று கேட்டால் கனிந்ததைத்தான் எடுத்துத் தருவார். "செங்காயா ரெண்டு குடுங்கக்கா, மெல்லிசா அறுக்கணும்" என்று கேளுங்கள். "இன்னிக்கே அறுக்கவா, நாளைக்கா கண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு நாள் கணக்கு முக்கியம். மாம்பழம், பேரிக்காய், கொய்யா ஆகியவை பறித்த பிறகும் பழுத்துக்கொண்டே போகும். இன்று செங்காயாக இருப்பது சேலத்து வெயிலில் நாளை மறுநாள் முழுப் பழம். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை அப்படியல்ல. பறித்த பின் அவற்றில் இனிப்பு கூடாது. எத்தனை நாள் வீட்டில் வைத்தாலும் புளித்த அன்னாசி புளித்த அன்னாசிதான். அதனால் முதல் வகையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், இரண்டாம் வகையை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மாம்பழத்தில் கல் வைத்துப் பழுக்கவைத்ததும் வரும். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. மேல்தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாக மின்னி, காம்பருகே முகர்ந்தால் வாசமே இல்லாமல், அறுத்தால் உள்ளே வெள்ளைக் காயாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அது செங்காய் ஆகாது. செங்காயில் வாசம் மெல்லிசாகவாவது இருக்கும்.

இனி எந்தப் பழம் என்ற கேள்வி. மாம்பழத்தில் என் முதல் தேர்வு பெங்களூரா. கிளிமூக்கு மாங்காய் என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட வாசலில் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவித் தருவார்களே, அதுதான். முழுக்கப் பழுத்தாலும் சதை விட்டுக்கொடுக்காது, நாரும் அதிகமில்லை, புளிப்பும் ஒட்டிக்கொண்டே இருக்கும். செந்தூராவையும் செங்காயாக வாங்கினால் வைக்கலாம். மல்கோவாவையும் இமாம் பசந்தையும் தயவுசெய்து பிரெட்டுக்குள் வைக்காதீர்கள். அவை கையில் வழிய வழியத் தின்பதற்குப் பிறந்தவை.

பேரிக்காய்தான் தொடங்குபவர்களுக்கு மிக எளிது என்பேன். ஆடி, ஆவணி வாக்கில் வரும் மலைப் பேரிக்காய், வெளியிலிருந்து வரும் மெத்தென்ற வகைகளைப் போலல்லாமல் கெட்டியாக, கொஞ்சம் மணல் கடிப்பதுபோல இருக்கும். சும்மா தின்ன அதைச் சிலருக்குப் பிடிக்காது. கறியோடு சேர்க்க அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். எனவே வயிற்றுப் பக்கத்தை அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். சற்றே இறங்கினால் பழம். இறங்கலாமா வேண்டாமா என்று தயங்கினால் அது நமக்கு வேண்டிய செங்காய்.

கொல்லிமலை அன்னாசி, ஏற்காட்டு ஆரஞ்சு, கொய்யா ஆகியவையும் சேரும். ஆனால் அவற்றுக்குத் தனித்தனிப் பக்குவம் உண்டு, பின்னால் வருகிறேன். வாழைப்பழம் மாவாகிவிடும், வேண்டாம். பலா வாசனை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பப்பாளி, தர்பூசணி, கிர்ணி மூன்றிலும் தண்ணீர் அதிகம். இத்தாலியில் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக் கறியைக் கிர்ணித் துண்டோடு சாப்பிடுவது வழக்கம்தான். கறி வறண்டு உப்பாக இருப்பதும், பழம் குளிர்ந்து நீர் நிறைந்து இருப்பதும் அங்கே பொருந்துகிறது. ஆனால் அது தட்டில் வைத்துத் தின்பது. பிரெட் நடுவில் வந்துவிட்டால் நிலவரம் வேறு.

கறிப் பக்குவம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்குக் கோழிக்குப் பஞ்சம் இல்லை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் தொடங்குங்கள். மசாலாவை மட்டும் அடக்கி வாசியுங்கள். கரம் மசாலா, குழம்புத்தூள், பட்டை கிராம்பு எல்லாம் போட்டு வறுத்த கறிக்குப் பக்கத்தில் செங்காயின் வாசம் நிற்காது. உப்பு, மிளகு, கொஞ்சம் பூண்டு, மிஞ்சிப்போனால் ஒரு சிட்டிகை சோம்பு. மிளகு மட்டும் நல்லதாக இருக்கட்டும். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட மலை அது. அங்கே போகும்போது மிளகை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது இடித்துக்கொள்ளுங்கள். பழத்தோடு சேரும்போது புதிதாக இடித்த மிளகு தரும் மணத்தைப் பாக்கெட் தூள் தராது.

உப்பு வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கூடுதலாக இருக்கலாம். கறியைத் தனியாகச் சுவைக்கும்போது "உப்பு கொஞ்சம் தூக்கலோ" என்று தோன்றினால், பழம் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

தட்டுவடை செட் சொல்லித் தரும் பாடம்

சேலத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சாண்ட்விச் ஏற்கெனவே தெரியும். மொறுமொறுப்பான இரண்டு தட்டுவடை, நடுவில் காரச் சட்னி, புதினாச் சட்னி, பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம். சாயங்காலம் வண்டிக்கடை முன்னால் நின்றுகொண்டு, கையில் வாங்கிய அடுத்த நொடி வாயில் போடுகிறோம். ஏன் அந்த அவசரம்? ஐந்து நிமிடம் தாமதித்தால் தட்டுவடை நமத்துவிடும். கடைக்காரர் செட்டுகளை முன்கூட்டியே அடுக்கி வைப்பதில்லை. கேட்ட பிறகுதான் சட்னி தடவுகிறார்.

பழச் சாண்ட்விச்சும் அப்படித்தான். ஈரம்தான் இதற்கு முதல் எதிரி, அதைத் தள்ளிப்போட நான்கு வேலைகள் செய்யவேண்டும்.

பழத்தை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுங்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் வரும் கனம். தட்டில் பரப்பி, மேலே மிகக் கொஞ்சம் பொடியுப்பைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். உப்பு மேல்நீரை இழுத்து வெளியே விடும். அதைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றவேண்டும். பேரிக்காயாக இருந்தால் ஒற்றியபின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விரலால் தொட்டுத் தடவினால் கறுக்காது.

அடுத்து பிரெட். பேக்கரியில் கேட்காமல் வாங்கினால் பல சமயம் இனிப்பு பிரெட்டைத்தான் தருவார்கள். சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்குங்கள். பழத்தின் இனிப்புக்கு மேல் பிரெட்டின் இனிப்பும் சேர்ந்தால் பன் பட்டர் ஜாம் சாப்பிடுவது போலாகிவிடும். முதல் நாள் பிரெட் என்றால் இன்னும் நல்லது, ஈரம் குறைந்திருக்கும். தோசைக்கல்லில் உள்பக்கத்தை மட்டும் சுடுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம். பழத்தைப் பார்த்து இருக்கும் பக்கம் மொறுமொறுப்பாகவும், கையில் பிடிக்கும் பக்கம் மெத்தென்றும் இருக்கும். எனக்கு இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் சாண்ட்விச் கையில் உடையாமல் நின்றது.

சுட்ட பக்கம் சூடு தணிந்ததும் வெண்ணெய் தடவவேண்டும். நடுவில் ஒரு கட்டி வைத்து இழுப்பது போதாது, விளிம்புவரை ஒரு துளி இடம் விடாமல் தடவவேண்டும். வெண்ணெய்க்கு இங்கே ருசி ஒரு வேலை, தண்ணீரைத் தடுப்பது இன்னொரு வேலை. ஏற்காட்டில் பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் நாட்களில் அதை உப்பும் மிளகும் போட்டு மசித்து, வெண்ணெய்க்கு மேலே தடவலாம். பழம் என்று பெயர் இருந்தாலும் அதில் இனிப்பு கிடையாது, கொழுப்புத்தான். மயோனைஸ் இருக்கவேண்டிய இடத்தை அது அழகாக நிரப்பும்.

கடைசியாக, கறி ஆறியிருக்கவேண்டும். சூடான கறியிலிருந்து வரும் ஆவி மூடிய பிரெட்டுக்குள் தண்ணீராகிவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும்.

முதல் சாண்ட்விச்: பேரிக்காயும் மிளகுக் கோழியும்

இரண்டு பேருக்குக் கணக்கு. நெஞ்சுக்கறி 200 கிராம், பேரிக்காய் ஒன்று, சால்ட் பிரெட் நான்கு துண்டு, வெண்ணெய், இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், பூண்டு இரண்டு பல், எலுமிச்சை அரை மூடி, முட்டைக்கோஸின் உள் இலை இரண்டு.

கறியைக் கழுவி ஈரம் போக ஒற்றி, கனமான இடத்தைக் கத்தியால் பிளந்து எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வரும்படி தட்டிக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல் உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு தடவி அரை மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு மிதமான தீயில் ஒரு பக்கம் ஆறு நிமிடம், மறுபக்கம் ஐந்து ஆறு நிமிடம். மிகக் கனமான இடத்தில் கத்தியைச் செருகிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல், வடியும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ் கணக்கு. இறக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். உடனே அறுத்தால் கறியின் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். பிறகு நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக அறுங்கள். நார் ஓடும் திசையிலேயே அறுத்தால் கடிக்கும்போது கறி முழுசாக உருவிக்கொண்டு வரும், பழம் கீழே விழும்.

அடுக்கும் வரிசை இது. வெண்ணெய் தடவிய பிரெட், அதன்மேல் கறி, கறிமேல் பேரிக்காய் வில்லை ஒரே ஒரு அடுக்கு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இடித்த மிளகு, முட்டைக்கோஸ் இலை, மேல் பிரெட். பழத்தின் கீழே கறி, மேலே இலை. பிரெட்டைப் பழம் தொடவே தொடாது. அளவில் இரண்டு பங்கு கறிக்கு ஒரு பங்கு பழம் என்பது தொடங்குபவர்களுக்குச் சரியான கணக்கு. பழம் அதற்கு மேல் போனால் கறி பின்னால் போய்விடும். உள்ளங்கையால் மெதுவாக ஒருமுறை அமுக்கி, அரை நிமிடம் விட்டு, மூலைக்கு மூலை வெட்டுங்கள்.

போன ஆவணியில் இதில் பாதியை அம்மாயிக்குக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, காரம் பத்தல" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து வெண்ணெயில் அரைப் பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிக் கலந்துவிடுகிறேன். நீங்கள் முதலில் மிளகாய் இல்லாமல் ஒருமுறை செய்யுங்கள். பழம் என்ன செய்கிறது என்று நாக்குக்குத் தெரிந்த பிறகு மிளகாயைச் சேருங்கள்.

மாம்பழக் காலம்

அதே கோழிக்கறி, பேரிக்காய்க்குப் பதில் பெங்களூராச் செங்காய். ஒன்றிரண்டு மாற்றங்கள் மட்டும். மாங்காயில் புளிப்பு கூடுதல் என்பதால் எலுமிச்சை வேண்டாம். மயோனைஸ் இருந்தால் ஒரு ஸ்பூன், இல்லையென்றால் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர், அதில் நறுக்கிய கொத்தமல்லித் தழையும் உப்பும் கலந்து கறிமேல் தடவுங்கள். சின்ன வெங்காயம் இரண்டை மெல்லிசாக அரிந்து போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும். மாங்காயைத் தோல் சீவி, கொட்டையை ஒட்டாமல் இரண்டு கன்னத்துச் சதையை மட்டும் எடுத்து நீளவாக்கில் அறுங்கள். கொட்டையை ஒட்டிய பகுதியில் நார் இருக்கும், அதைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம்.

அன்னாசியும் ஆட்டுக்கறியும்

இது கொஞ்சம் வேலை வாங்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது. கறிக்கு மேச்சேரி ஆட்டைச் சொல்வேன். நம் மாவட்டத்துச் சொந்த இனம், கறிக்காகவே பேர்பெற்றது. எலும்பில்லாத தொடைக்கறி 250 கிராம். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, கையால் நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், இடித்த சோம்பும் மிளகும் போட்டு, பிய்த்த கறியைச் சேர்த்து, ஓரங்கள் முறுகும்வரை வறட்டி எடுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மிளகு தட்டிப் போட்டால் ரசம்.

அன்னாசியை ஏன் பச்சையாக வைக்கக்கூடாது என்று சொல்கிறேன். அதில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பது அதன் வேலை. அதிகம் தின்றால் நாக்கு எரிவதும் அதனால்தான். பச்சை அன்னாசி கறியோடு நெடுநேரம் கிடந்தால் கறியின் மேல்புறம் சொதசொதவென்று ஆகிவிடும். நம் வீடுகளில் முற்றிய ஆட்டுக்கறி வேக பப்பாளிக்காய்த் துண்டைப் போடுவார்களே, அதேபோன்ற வேறொரு நொதிதான் அங்கேயும் வேலை செய்கிறது. சூடு பட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் அன்னாசியை அரை சென்டிமீட்டர் கன வட்டங்களாக அறுத்து, நடுத்தண்டை நீக்கி, எண்ணெய் விடாத சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுடுங்கள். தண்ணீர் வற்றும், ஓரம் பழுப்பாகும், புளிப்பு அடங்கி வெல்லப்பாகு வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே நான் ஒரு வட்டம் கூடுதலாகச் சுடுவேன்.

இதற்கு பிரெட்டைவிட பன் பொருத்தம், இனிப்பில்லாத பன்னாகப் பார்த்து வாங்குங்கள். பன்னைப் பிளந்து உள்பக்கம் சுட்டு, வெண்ணெய், ஆட்டுக்கறி, ஒரு அன்னாசி வட்டம், பச்சைச் சின்ன வெங்காயம். அன்னாசியையும் உப்புக்கறியையும் சேர்ப்பதில் உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. ஹவாய் பீட்சா என்று பேர் வாங்கியது 1962-இல் கனடாவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் தன் கடையில் செய்தது. அதில் ஹாமும் டப்பா அன்னாசியும். டப்பா அன்னாசி ஏற்கெனவே வெந்தது, நொதி இருக்காது. வீட்டில் அதுதான் இருக்கிறதென்றால் பாகை வடித்துக் கழுவி, ஒற்றி, அதேபோல் சுட்டுக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சுத் தொக்கு

கார்த்திகையிலிருந்து தைவரை ஏற்காட்டுப் பக்கம் ஆரஞ்சு வரும். சுளையை அப்படியே பிரெட்டில் வைத்தால் கடித்த இடத்தில் பீய்ச்சும். தொக்காக்கிவிடுங்கள். நான்கு பழத்தின் சுளைகளைத் தோலும் விதையும் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தின் மேல்தோலை, வெள்ளைப் பகுதி வராமல், ஒரு டீஸ்பூன் அளவு துருவுங்கள். வெள்ளை வந்தால் கசக்கும். இரண்டு டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஒரு துண்டு இஞ்சி, ஒரு டீஸ்பூன் இடித்த மிளகு, சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சிறுதீயில், கரண்டியால் கோடு இழுத்தால் கோடு நிற்கும்வரை கிளறுங்கள். இருபது நிமிடம் ஆகலாம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

இது கொழுப்புள்ள கறிக்கு. ஹாம், வெண்பன்றிக்கறி, வாத்து. பிரெஞ்சுக்காரர்கள் வாத்துக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றிச் சமைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். கத்தி நுனியில் எடுத்து மெல்லிசாகத் தடவினால் போதும். செங்காய் கிடைக்காத மாதங்களுக்கு இது கைகொடுக்கும்.

பழமே இல்லாத நாளில்கூட வழி இருக்கிறது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக லண்டனில் ரோஸ்மேரி ஹ்யூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ஒரு கோழிப் பதார்த்தம் உருவாக்கினார்கள். வேகவைத்து ஆறிய கோழி, மயோனைஸ், கறிமசாலாத் தூள், உலர்ந்த ஆப்ரிகாட் பழ விழுது. பிறகு அது இங்கிலாந்தில் சாண்ட்விச்சுக்குள் புகுந்துகொண்டது, உலர் திராட்சையும் சேர்ந்துகொண்டது. வேகவைத்துப் பிய்த்த கோழி ஒரு கைப்பிடி, மயோனைஸ் இரண்டு ஸ்பூன், மசாலாத்தூள் கால் ஸ்பூன், உலர் திராட்சை பத்து. திராட்சையை ஊறவைக்காமல் போடுங்கள், அது கலவையின் ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

கொய்யாவுக்குப் பக்குவம் சுருக்கம். நடுவில் உள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, சுற்றுச் சதையை மட்டும் மெல்லிசாக அறுத்து, மிளகாய்த்தூள் தூவி, சிக்கன் சலாமியோடு வையுங்கள். சலாமி உப்பாக இருக்கும், கறியில் வேறு உப்பு வேண்டாம்.

மலைக்கு எடுத்துப் போவது

இப்போதெல்லாம் நான் சாண்ட்விச்சை அடுக்கி எடுத்துப் போவதே இல்லை. பாகங்களாக எடுத்துப் போகிறேன். சுட்டு வெண்ணெய் தடவிய பிரெட் ஒரு டப்பாவில். ஃபிரிட்ஜில் குளிர்ந்த கறி இன்னொரு டப்பாவில், அதன் அடியிலும் மேலும் ஐஸ் பேக். ஐஸ் பேக் இல்லையென்றால் முந்தின நாளே தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக்கொள்ளலாம், ஊர் போய்ச் சேரும்போது குடிக்கவும் ஆகும். வெந்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் சேலத்தில் காருக்குள் கறியை வைத்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினால் அந்த ஒரு மணி நேரம் அடிவாரத்திலேயே தீர்ந்துவிடும். பழத்தை முழுசாக, அறுக்காமல். கூடவே கத்தி, பலகை, துணி, உப்பும் மிளகும் கலந்த பொட்டலம்.

மலைப்பாதையில் வளைவுகளில் நிறுத்தி டப்பாவைத் திறக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கும். அவற்றுக்குத் தின்னக் கொடுப்பதும் தவறு, அப்புறம் வண்டிகளை மறிக்கப் பழகிவிடும். மேலே போய்ச் சேர்ந்து, ஏரிப் பக்கமோ அண்ணா பூங்காப் பக்கமோ உட்கார இடம் பார்த்த பிறகு பழத்தை அறுங்கள். உப்புத் தூவிய அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவர் பிரெட்டையும் கறியையும் எடுத்து வைக்கலாம், இன்னொருவர் பிளாஸ்க் காப்பியை ஊற்றலாம். ஒற்றி, அடுக்கி, அமுக்கி, உடனே கையில் கொடுத்துவிடுங்கள். தோலையும் கொட்டையையும் டப்பாவிலேயே போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அறுத்ததில் மிஞ்சிய வில்லைகள் இருந்தால் அந்த உப்பு மிளகுப் பொட்டலத்தைக் கொட்டிப் புரட்டி வையுங்கள், கீழே இறங்கும் வழியில் தீர்ந்துவிடும்.